ஏணியின் உச்சிப்படியில் என்ன இருக்கிறது?

ஆண்டுதோறும் மார்ச் 20ஆம் தேதியை ஒட்டி உலக மகிழ்ச்சி அறிக்கை வெளியாகிறது. மறுநாள் நம் நாளிதழ்களில் பின்லாந்து முதலிடம், இந்தியா இத்தனையாவது இடம் என்று ஒரு பெட்டிச் செய்தி வரும். இரண்டு நாள் ஆதங்கமும் கிண்டலுமாகப் பேசிவிட்டு மறந்துவிடுவோம். 2025ஆம் ஆண்டு அறிக்கையில் 147 நாடுகளில் இந்தியாவுக்கு 118ஆம் இடம். பின்லாந்து மக்கள் தங்கள் வாழ்க்கைக்குப் பத்துக்கு 7.7 அளவில் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள், இந்தியர்கள் 4.4 அளவில். இந்த வரிசை முழுவதும் ஒரே ஒரு கேள்வியின் மேல் நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வருமானம், ஆயுட்காலம், ஊழல் பற்றிய எண்ணம் எல்லாம் மதிப்பெண் ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று விளக்குவதற்காகச் சேர்க்கப்படுபவை; வரிசையைத் தீர்மானிப்பதில் அவற்றுக்குப் பங்கில்லை. கேலப் நிறுவனத்தின் கணக்கெடுப்பாளர் கேட்பது இதுதான்: பூஜ்யம் முதல் பத்துவரை படிகள் கொண்ட ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சிப்படி என்பது உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை; அடிப்படி மிக மோசமான வாழ்க்கை. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

தூத்துக்குடியில், நாட்டுப்படகுகள் கட்டிக்கிடக்கும் திரேஸ்புரத்தில் இதே கேள்வியைக் கேட்டால் கிடைக்கும் எண்ணை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதே இங்கே விசாரணை. திரேஸ்புரத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. மாதச் சம்பளம் வாங்குபவரின் வாழ்க்கையை அளப்பதற்குச் செய்த கருவி, நாளுக்கு நாள் பாடு மாறும் கடல் தொழிலில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் அந்தக் கருவியின் பலமும் பலவீனமும் தெரியும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவரின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதை அவரிடமே கேட்கத்தான் வேண்டும். அதைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் இன்று உலகம் முழுவதும் கேட்கப்படுவது பாதிக் கேள்வி. விட்டுவிட்ட மறுபாதியைச் சேர்த்துக்கொள்ளாதவரை அந்த எண்ணுக்குக் கடற்கரையில் பெரிய பயன் இல்லை.

ஏணியைக் கண்டுபிடித்தவர் ஹேட்லி கேன்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர். 1965இல் வெளியான அவருடைய நூலுக்காகப் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்களிடம் நேர்காணல் நடந்தது. இந்தியாவில் அது நடந்தது 1962இல். கேன்ட்ரில் நேராக ஏணியைக் காட்டிவிடவில்லை. முதலில், உங்களுக்கு எப்படிப்பட்ட வாழ்க்கை அமைந்தால் மிக நன்றாக இருக்கும் என்று கேட்டு, பதிலை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதிக்கொண்டார்கள். பிறகு, எதை நினைத்தால் பயமாக இருக்கிறது, எது நடந்தால் வாழ்க்கை மோசமாகிவிடும் என்று கேட்டார்கள். உச்சியும் அடியும் அந்த ஆளின் சொற்களிலேயே நிலைபெற்ற பிறகுதான் ஏணி வெளியே வந்தது. அந்தப் பதில்களைப் படிக்கிறவருக்கு எண்கள் இரண்டாம்பட்சமாகிவிடும். இந்தியக் கூலித் தொழிலாளி ஒருவர் ஒரு மகன், கொஞ்சம் சொந்த நிலம், சொந்த வீடு, பாலுக்கும் நெய்க்கும் ஒரு பசு, மனைவிக்கு நல்ல துணிமணி என்று ஆசைப்பட்டார். அமெரிக்கர் ஒருவரின் பட்டியலில் வீடு, புதிய கார், பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி, கூடவே ஒரு படகும் இருந்தது. திரேஸ்புரத்தில் கேட்டாலும் சொந்தப் படகு என்ற பதில் வந்திருக்கும். ஒரு படகு ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்துக்கு. மற்றது கடன், தொழில், மானம் மூன்றும் சேர்ந்தது. எண்ணை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டு படகுகளும் ஒன்றாகவே தெரியும்.

அந்த ஆய்வில் இந்தியாவின் சராசரி 3.7; அமெரிக்காவினுடையது 6.6; கியூபா 6.4. பொருளியலாளர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்த எண்களை எடுத்துக்கொண்டு, நாடு பணக்கார நாடாக ஆவதால் மட்டும் மக்கள் மகிழ்ச்சி கூடிவிடுமா என்று கேட்டார். அதிலிருந்து எண்ணுக்கு ஒரு தனி வாழ்க்கை கிடைத்துவிட்டது. கேலப் உலகக் கணக்கெடுப்பு ஏணியை எடுத்துக்கொண்டது. அதற்கு முன் நடந்த பேச்சை விட்டுவிட்டது. ஒரு நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்ற அளவில் உலகம் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும்போது அது புரிந்துகொள்ளக்கூடிய சிக்கனம்தான். ஆனால் தன் கையால் உச்சியையும் அடியையும் குறித்துக்கொள்வதுதான் அந்த அளவுகோலின் உயிராக இருந்தது.

இங்கே பலருக்கு ஒரு மறுப்பு எழும். மனசு இன்றொன்று சொல்லும், நாளை ஒன்று சொல்லும். வருமானம், வீடு, கழிவறை, பள்ளிப்படிப்பு என்று கண்ணால் காணக்கூடியதை எண்ணினால் போதாதா? திரேஸ்புரத்தில் அது நினைப்பதைவிடக் கடினம். நாட்டுப்படகில் மாத வருமானம் என்று ஒன்று கிடையாது. ஏலத்தில் போன மீனின் விலையிலிருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழிந்து, படகுக்கும் வலைக்கும் பங்கு போய், மீதியை ஆட்கள் பிரித்துக்கொள்கிறார்கள். முன்பணம் கொடுத்த வியாபாரியின் கழிவு இதற்கு முன்பே போயிருக்கும். ஒரு வாரம் கை நிறையும். அடுத்த வாரம் காற்று தூக்கி, படகு கரையிலேயே கிடக்கும். சராசரி போட்டுப் பார்த்தால் சுமாரான தொகை ஒன்று வரலாம். ஆனால் அந்த வீட்டைத் தூங்கவிடாமல் செய்வது சராசரிக்குள் ஒளிந்திருக்கும் அந்த ஏற்ற இறக்கம்தான். கண்ணால் காணும் கணக்கு எங்கே தோற்கும் என்பதற்குத் தூத்துக்குடியிலேயே கசப்பான சான்று உண்டு. ஆலைகளும் துறைமுகமும் அனல்மின் நிலையமும் உள்ள மாவட்டம் இது. உற்பத்திக் கணக்கில் பார்த்தால் வளர்ச்சி. அந்தக் காற்றையும் தண்ணீரையும் பற்றி மக்கள் என்ன நினைத்தார்கள் என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அது 2018 மே மாதம் தெருவில் வெளிப்பட்டது. ஆலை ஒன்றை எதிர்த்துப் போராடியவர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு பெண் இறந்தது திரேஸ்புரத்தில். மக்களிடம் கேட்டு வைத்துக்கொள்வது சொகுசு ஆராய்ச்சி என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட வலுவான மறுப்பு அமர்த்தியா சென்னுடையது. வறுமையிலும் ஒடுக்கத்திலும் நெடுநாள் இருந்தவர்கள் ஆசையைக் கையிருப்புக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்வார்கள். கிடைத்ததில் திருப்தி என்பார்கள். அந்தத் திருப்தியை அளவுகோலாக வைத்தால் அநீதியே மறைந்துபோகும் என்பது அவர் வாதம். அவர் காட்டும் சான்று மறக்க முடியாதது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944இல் கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் நோயாகவோ சுமாரான உடல்நிலையிலோ இருப்பதாகச் சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு மட்டுமே. உடம்பு சுமார் என்று சொன்ன விதவை ஒருத்திகூட இல்லை. அந்தக் காலத்து வங்க விதவையின் உடல்நிலை ஆண்களுடையதைவிட மேலாக இருந்தது என்று யாராவது நம்புவார்களா? இன்னொரு சான்று கேரளம். இந்திய மாநிலங்களிலேயே நீண்ட ஆயுள் அங்கேதான். உடம்புக்கு முடியவில்லை என்று அதிகம் சொல்வதும் அங்கேதான். பீகாரில் ஆயுள் குறைவு, முறையீடும் குறைவு. படிப்பும் மருத்துவமனையும் உள்ள இடத்தில்தான் நோய் நோயாகத் தெரிகிறது.

இந்த மறுப்பு சரியானது. ஆனால் அது எதை மறுக்கிறது என்று கவனிக்க வேண்டும். விதவையிடம் உன் உடம்பு எப்படி என்று கேட்டார்கள். நல்ல உடம்பு என்றால் உனக்கு என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், எழுந்து நடமாட முடிந்தால் போதும், கைகால் விளங்கினால் போதும் என்ற பதில் வந்திருக்கக்கூடும். அப்போது அவள் மதிப்பெண் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அவள் ஏணி எவ்வளவு குட்டையானது என்பது தாளிலேயே தெரிந்துவிடும். கேன்ட்ரிலின் முதல் பாதியை நான் வற்புறுத்துவது இதனால்தான். தகவமைந்துபோன திருப்தியை அது தீர்த்துவிடாது, கண்டுபிடித்துக் கொடுக்கும். ஆசைப்படவே தெரியாமல் செய்யப்பட்ட ஒருவரிடம் இதுவும் பலிக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் ரத்தசோகைப் பரிசோதனையும் பள்ளி வருகைப் பதிவேடும் இருக்கின்றன. சுயமதிப்பீடு அவற்றோடு சேர்த்து வைக்க வேண்டிய ஒரு சாட்சியம். சாட்சி தவறாகச் சொல்லக்கூடும் என்பதற்காக எந்த நீதிமன்றமும் சாட்சியே வேண்டாம் என்று சொல்வதில்லை.

ஏழைகளின் பதில் எப்போதும் தகவமைப்புதான் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவதிலும் ஓர் அகம்பாவம் உண்டு. 2001இல் ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் அவர் தந்தை எட் டீனரும் கல்கத்தாவில் குடிசைவாசிகள், பாலியல் தொழிலாளர்கள், நடைபாதையில் வாழ்பவர்கள் என 83 பேரிடம் எடுத்த ஆய்வை வெளியிட்டார்கள். வாழ்க்கை மொத்தத்தில் எப்படி என்று கேட்டபோது சராசரி, நடுநிலையான 2க்குச் சற்றுக் கீழே, 1.93. தனித்தனியாக வாழ்க்கையின் 12 பகுதிகளைப் பற்றிக் கேட்டபோது சராசரி 2.43. ஒழுக்கம் பற்றிய திருப்தி 2.58, வருமானம் பற்றியது 2.12. பணம் போதவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லவும் செய்கிறார்கள். ஆனால் தாங்கள் மோசமான மனிதர்கள் என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. மயங்கிப்போன மனம் இப்படிப் பிரித்துச் சொல்லாது. ஒற்றை எண் இதையெல்லாம் விழுங்கிவிடுகிறது.

மீனவர்களைப் பற்றி மட்டுமே இந்த வகையில் ஒரு தனி ஆய்வு மரபு இருக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் ரிச்சர்ட் பால்நாக்கும் அவர் கூட்டாளிகளும் பல பத்தாண்டுகளாகப் பல கடற்கரைகளில் தொழில் திருப்தியை அளந்தார்கள். 2012இல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் உள்ளிட்ட தெற்குலகின் மீன்பிடித் தொழிலுக்கென்றே ஓர் ஆய்விதழ் சிறப்பிதழ் வெளியிட்டது. சோழமண்டலக் கரையில் நெடுங்காலம் ஆய்ந்த மார்ட்டன் பாவிங்க் அதன் பதிப்பாசிரியர்களில் ஒருவர். வருமானம், பாதுகாப்பு, வீட்டைப் பிரிந்திருக்கும் நேரம், கடலில் இருப்பதன் சுகம், சவால், சாகசம் என்று இவர்கள் கேள்வியைப் பிரித்துக் கேட்டார்கள். பொதுவாக வரும் சித்திரம் இது: காசு விஷயத்தில் குறை, கடல் என்ற விஷயத்தில் நிறைவு. யாருக்கும் கைகட்டி நிற்காத தொழில் என்ற பெருமிதம் அதில் இருக்கிறது. இவர்களின் கேள்விகளில் எனக்கு மிகக் கூர்மையாகப் படுபவை இரண்டு: மறுபடி பிறந்தால் மீனவனாகவே இருப்பீர்களா? இளம்பிள்ளை ஒருவனை இந்தத் தொழிலுக்கு வரச் சொல்வீர்களா? முதல் கேள்விக்கு ஆமாம் என்பவர் இரண்டாவதற்குத் தயங்குகிறார். தமிழ்க் கடற்கரையில் எங்கே கேட்டாலும் காதில் விழும் பதில்தான்: எங்களோட போகட்டும், பிள்ளை படிக்கட்டும்.

இந்த இரண்டு பதில்களில் எது உண்மை என்று கேட்பது வீண். மனிதன் தனக்காகத் தகவமைந்துகொள்வான். பிள்ளைக்காக அவ்வளவு எளிதில் தகவமைய மாட்டான். சென்னின் மறுப்புக்குக் கடற்கரை தரும் பதிலாகவே இதை எடுத்துக்கொள்ளலாம். திரேஸ்புரத்துச் சங்குகுளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்தில் மூச்சடக்கி மூழ்கினார்கள். இப்போது படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து வரும் நீண்ட குழாயின் முனையை வாயில் கடித்துக்கொண்டு, கடல் தரையில் மணிக்கணக்காகச் சங்கு தேடுகிறார்கள். ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே ஏறினால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டுகளைப் பிடிக்கும். கடுமையானால் கைகால் விழுந்துவிடும். கீழே போகும் குழாயில் காற்று நின்றால் என்ன ஆகும் என்பது மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் தெரியும். அவர் ஏழாம் படி என்று சொல்லலாம். சங்கு கிடக்கும் நல்ல பார் ஒன்றைக் கண்டுபிடித்துப் பை நிறையச் சங்கோடு ஏறிய நாளின் மிதப்பு அந்த ஏழில் உண்மையாகவே இருக்கிறது. மகனைக் கீழே இறக்குவீர்களா என்ற கேள்விக்கு அவர் சொல்லும் இல்லை என்பதும் அதே அளவு உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைப்பதுதான் அளவீடு. பிள்ளை படிக்கட்டும் என்பது ஊரெல்லாம் சொல்வதால் சொல்லும் பேச்சு என்று ஒருவர் மறுக்கலாம். இருக்கட்டும், படிப்புக்கு அவர் செலவழிப்பதையும் கடன் வாங்குவதையும் பார்த்தால் பேச்சா நினைப்பா என்று தெரிந்துவிடும்.

அடுத்து, நேரத்தின் பிரச்சினை. கேள்விகளின் வரிசையை மாற்றினாலே பதில் மாறுகிறது என்று காட்டும் ஆய்வுகள் பல. 1988இல் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக்கும் சகாக்களும் அமெரிக்க மாணவர்களிடம் மகிழ்ச்சியைப் பற்றி முதலில் கேட்டுவிட்டுக் காதல் சந்திப்புகளைப் பற்றிப் பிறகு கேட்டபோது இரண்டுக்கும் தொடர்பே இல்லை. வரிசையைத் திருப்பியபோது ஒட்டுறவுக் கெழு 0.66 ஆனது. பின்வந்த ஆய்வுகளில் இவ்வளவு பெரிய விளைவு தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அமெரிக்கத் தினசரிக் கணக்கெடுப்பில் அரசியல் பற்றிய கேள்வியை முன்னால் வைத்தபோது ஏணி மதிப்பெண் அரைப் படிக்கும் மேல் இறங்கியதைப் பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் எடுத்துக்காட்டினார். தூத்துக்குடியில் இந்தச் சிக்கல் இன்னும் கனமானது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மே மாதம் கணக்கெடுப்பாளர் வந்தால் விசைப்படகுத் தொழிலாளி அரசு நிவாரணத்தை நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பார். தடை இல்லாத நாட்டுப்படகுக்காரருக்கோ அதே மாதத்தில் மீனுக்கு நல்ல விலை. பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் எதிரெதிரான எண்கள் வரும். நவம்பரில் வந்தால் வேறு எண்கள் வரும். பெண்களிடம் கேட்பதென்றால் குழுக் கடன் தவணை நாளா, மறுநாளா என்று பார்த்துக் கேட்க வேண்டும்.

இதைக் கண்டு அளவீட்டையே கைவிட வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு வழி காட்டுகிறது. 2013இல் வெளியான அந்த ஆய்வில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 ஊர்களில் 464 சிறு கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். கையில் காசில்லாத காலத்தில் சிந்தனைத் திறன் சோதனைகளில் குறைவாகப் பெற்ற அதே ஆட்கள் அறுவடைப் பணம் வந்தபின் கூடுதலாகப் பெற்றார்கள். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல் அதே ஆளை வேறொரு பருவத்தில் மறுபடி பார்த்ததில்தான் அந்த ஆய்வின் பலம். வாழ்க்கைத் திருப்திக்கும் இது பொருந்தும். தடைக்காலத்தில் ஒருமுறை, வாடைக் காலத்தில் ஒருமுறை, அதே வீட்டில், அதே ஆளிடம் கேட்டால், மூன்றா ஆறா என்பதைவிட ஆறு எப்போது மூன்றானது என்பது தெரியும். கொள்கை வகுப்பவருக்கு வேண்டியது அதுதான்.

யார் கேட்கிறார்கள் என்பதையும் விட்டுவிட முடியாது. கையில் தாளோடு வருபவர் யாராக இருந்தாலும் நிவாரணத்துக்குப் பேர் எழுத வந்தவர் என்றே கடற்கரை எடுத்துக்கொள்ளும். பதில் ஒரு படி இறங்கும். அதில் தந்திரம் இருக்கிறது என்று குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. எண்ணுக்குப் பணம் வரும் என்று கற்றுக்கொடுத்தது அரசுதான். சம்பந்தம் பேச வந்தவர் காதில் விழும்படி கேட்டால் பதில் இரண்டு படி ஏறும். ஆகவே இந்த மதிப்பெண்ணை எந்த உதவித்தொகைக்கும் தகுதியாக வைக்கக்கூடாது. வைத்த அன்றே அளவுகோல் செத்துவிடும்.

கடைசி மறுப்பு ஆய்வாளர்களுடையது. ஒவ்வொருவரும் தன் உச்சியைத் தானே குறித்தால் ஊரை ஊரோடு எப்படி ஒப்பிடுவது? ஒப்பிட முடியாதுதான், இப்போதும் முடியவில்லை, முடிவதுபோல் தோன்றுகிறது, அவ்வளவே. ஸ்வீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டன் மக்களிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஏணி என்ற படிமமே பணத்தையும் அதிகாரத்தையும் நினைக்கவைக்கிறது என்று கண்டார்கள். ஏணியை எடுத்துவிட்டுக் கேட்டால் நினைப்பு வேறு பக்கம் திரும்புகிறது. பூட்டான் வேறு வழியில் போனது: 9 துறைகள், 33 குறியீடுகள், நீண்ட நேர்காணல். நிறையக் கேட்கிறார்கள், சரி; ஆனால் போதும் என்ற கோட்டை ஒவ்வொரு குறியீட்டுக்கும் வல்லுநர்களே கிழிக்கிறார்கள். சங்குக்கு அது சரிப்படும். 57 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த சங்கை எடுக்கக்கூடாது என்று ஒரு வரம்பு போட்டால், தூத்துக்குடியில் எடுத்த சங்குக்கும் ராமேஸ்வரத்தில் எடுத்த சங்குக்கும் அது ஒன்றே. படகுக்காரருக்கும் அவர் மனைவிக்கும் போதும் என்ற கோடு ஒன்றாகவே இருக்கும் என்று யார் சொன்னது?

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2005, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் மீனவர் கணக்கெடுப்பு நடத்தியிருக்கிறது. வீடு வீடாகப் போய் ஆள், படகு, வலை, படிப்பு, எல்லாம் எண்ணியிருக்கிறார்கள். அந்த நிறுவனத்துக்குத் தூத்துக்குடியிலேயே நிலையம் இருக்கிறது. இனிவரும் கணக்கெடுப்பில், எல்லா வீடுகளிலும் வேண்டாம், நூற்றில் ஒரு வீட்டிலாவது நான்கு கேள்விகளைச் சேர்க்கலாம்: உங்களுக்கு நல்ல வாழ்க்கை என்றால் என்ன, எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள், இந்த இரண்டுக்கும் நடுவே இன்று எங்கே இருக்கிறீர்கள், உங்கள் பிள்ளையை இந்தத் தொழிலில் விடுவீர்களா. ஆணிடம் தனியாக, பெண்ணிடம் தனியாக. ஆண்டில் இரண்டு பருவங்களில். பதில்கள் அவர்கள் வாய்மொழியிலேயே. கிடைக்கும் எண்களை வைத்து ஊர்களை வரிசைப்படுத்தக்கூடாது. ஊர்க் கூட்டத்தில் அந்தப் பதில்களைப் படித்துக்காட்டி, உச்சியில் எதை வைத்தார்கள் என்பதிலிருந்து மீன்வளத் துறை தன் திட்டங்களைத் தொடங்கட்டும். செலவு என்று பார்த்தால் கணக்கெடுப்பாளருக்கு ஒரு வீட்டில் அரை மணி நேரம் கூடும்.